புத்தகத்தை மூடிய பிறகு வரைந்த படங்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்கு எதற்காகப் போகிறது?" விடுமுறைக்கு முந்தைய வாரம்தான் இரத்த ஓட்ட மண்டலத்தை நடத்தி முடித்திருந்தேன். குறிப்பு எழுத வைத்தேன். பாடநூலில் இருந்த படத்தைப் பார்த்து வரைய வைத்தேன். சிவப்பும் நீலமும் தீட்ட வைத்தேன். நன்றாக வந்திருந்த படங்களைப் பின்சுவரில் ஒட்டியும் இருந்தேன்.

24 பேரில் மூன்று பேர் கை தூக்கினார்கள். மற்றவர்கள் தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தார்கள். தங்கள் கையாலேயே வரைந்த படத்தில் விடையைத் தேடினார்கள். படம் சுவரில் இருந்தது, தலைக்குள் ஏறவில்லை.

நான் மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறை வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் தமிழ்மொழியும் கற்பிக்கிறேன். பிள்ளைகளில் பலருடைய பெற்றோருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர எல்லா வீட்டிலும் ஆள் இருக்காது. வகுப்பறையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்திலேயே பாடம் மனத்தில் தங்கியாக வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைய வைக்கும் முயற்சியில் என்னை இறக்கியது இந்தக் கவலைதான். அடுத்த பதினான்கு வாரங்களில் செய்தது, சறுக்கியது, திருத்தியது எல்லாவற்றையும் என் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். தன் வகுப்பில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியருக்கு, என் சறுக்கல்கள் இரண்டு வாரத்தையாவது மிச்சப்படுத்தும்.

தொடங்கும் முன்

வரைவதற்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தேடியபோது, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா ஃபெர்னாண்டஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. பங்கேற்றவர்களுக்கு எளிய சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். சில சொற்களை வரைய வேண்டும்; சில சொற்களைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு 40 வினாடி. பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல், நினைவிலிருப்பதைச் சொல்லச் சொல்கிறார்கள். எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்களே தெளிவாக அதிகம் நினைவில் இருந்தன. நேரத்தை நான்கே வினாடியாகக் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் வரைந்ததே முந்தியது. மனத்தில் கற்பனை செய்து பார்ப்பதையும், பிறர் வரைந்த படத்தைப் பார்ப்பதையும்கூட அது முந்தியது. படம் அழகாக இருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை.

அவர்கள் தரும் விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றை வரைய வேண்டுமானால் முதலில் அதன் பொருளை யோசிக்க வேண்டும். பிறகு கை அசைய வேண்டும். கடைசியில் கண் அந்த உருவத்தைப் பார்க்கிறது. ஒரே செய்தி மூன்று வழியாக உள்ளே போகிறது.

இங்கேதான் என் பின்சுவர்ப் படங்களின் குறை புரிந்தது. கை அசைந்தது, கண் பார்த்தது. பொருளை யோசிக்கும் வேலையைப் பாடநூலின் ஓவியர் ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டார். பிள்ளைகள் கோடுகளைப் படியெடுத்தார்கள். நான் அதைப் படிப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம்: அழிந்துபோன சான்று

தொடக்கத்தில் சிக்கனமாக இருக்கட்டும் என்று, ஏ4 வெள்ளைத் தாள்களை லேமினேட் செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒயிட்போர்டு மார்க்கரால் வரைந்து, பழைய காலுறையால் துடைத்துவிடலாம். பாடம் நடத்தி முடித்ததும், "புத்தகத்தை மூடுங்கள், இப்போது கேட்டதை வரையுங்கள்" என்றேன்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கோ சிக்கல். முதலாவது, மார்க்கர் மை. அன்றே துடைத்தால் போய்விடும்; ஓரிரவு கிடந்தால் பிடித்துக்கொள்ளும். அதன் மேலேயே மறுபடி மார்க்கரால் கிறுக்கி உடனே துடைத்தால் பழைய கறையும் சேர்ந்து வந்துவிடும், ஆனால் 24 தாளுக்கு அதைச் செய்ய ஓய்வு நேரம் முழுவதும் போய்விடுகிறது. இரண்டாவது, இதுதான் பெரிய குறை: துடைத்தால் எல்லாம் போயிற்று. போன வாரம் யார் எங்கே தவறினார் என்று பார்க்க என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆரம்பப் பள்ளி மதிப்பீட்டுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டுக்கு ஆசிரியர்கள்தாம் சான்று சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. கைக்கு வந்த சான்றை நானே காலுறையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் தாளுக்கு மாறினேன். ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் 500 தாள் உள்ள ஒரு கட்டு 1000 துண்டு தரும். வாரத்துக்கு இரண்டு முறை, 24 பேர் என்றால் 48 துண்டு. பதினான்கு வாரத்துக்கும் ஒரு கட்டே தாராளம். மேல்மூலையில் பெயர், தேதி, பாடம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்கக் கிளிப். வேறு செலவு இல்லை.

அழிப்பான் இல்லாத மேசை

"எனக்கு வரைய வராது, டீச்சர்." முதல் நாளே ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். பத்து வயதுக்குள் ஒரு குழந்தை இந்த முடிவுக்கு வந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கேயோ யாரோ அதன் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும்.

அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, புள்ளி, கோடு, வட்டம், பெட்டி, அம்புக்குறி ஐந்தை மட்டும் பலகையில் போட்டேன். "உலகத்தில் உள்ள எதையும் இந்த ஐந்தால் வரைந்துவிடலாம். இதற்குமேல் எனக்கு வேண்டாம்" என்றேன். குச்சி மனிதன், குச்சி மாடு, குச்சி மரம். இதயம் ஒரு பெட்டி, நுரையீரல் இரண்டு பை, குழாய் இரண்டு கோடு. பதினைந்து நிமிடப் பயிற்சிக்குப் பிறகு "வராது" என்ற சொல் குறைந்தது.

அழிப்பானையும் அன்றே வாங்கி வைத்துவிட்டேன். முன்பு நான்கு நிமிடம் கொடுத்தால் மூன்று நிமிடம் அழிப்பதிலேயே போகும். இப்போது தவறான கோடு அப்படியே நிற்கும். நேரம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, தவறியதைச் சிவப்புப் பென்சிலால் அதன் மேலேயே திருத்த வேண்டும். சிவப்பு அதிகமானால் மதிப்பெண் குறையாது என்று உறுதி சொன்னேன். ஏனென்றால் சிவப்புக் கோடுதான் எனக்கு வேண்டிய செய்தி. அடுத்த நாள் எதை மறுபடி நடத்த வேண்டும் என்று அதுதான் சொல்கிறது.

நன்றாக வரையும் பிள்ளைகள் இதில் பின்தங்கியதை நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பிலேயே அழகாக வரைபவள் ஒரு மாணவி. மூச்சு மண்டலத்தை வரையச் சொன்னால் நான்கு நிமிடமும் முகத்துக்குப் புருவம், கண்ணிமை, சுருள்முடி என்று போட்டுக்கொண்டிருப்பாள். நுரையீரலுக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த வாரம் கேட்டால் அவளுக்குச் சுருள்முடிதான் நினைவிருந்தது. அவளைக் கண்டிக்க மனம் வரவில்லை. எல்லாருக்கும் கூர்மையான பென்சிலை எடுத்துவிட்டுத் தடித்த முனைக் கிரேயான் கொடுத்தேன். அதில் கண்ணிமை வரையவே முடியாது. இரண்டே வாரத்தில் அவளுடைய படங்கள் வகுப்பிலேயே தெளிவானவை ஆயின.

வண்ணத்தையும் நிறுத்தினேன். அதற்கு ஒரு பையன் காரணம். சிரையில் ஓடும் இரத்தம் நீல நிறம் என்று அவன் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தான். பாடநூல் படத்தில் நீலம். தன் கையாலும் நீலம்தான் தீட்டினான். உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த இரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. அந்த நீலத்தை அவன் மனத்தில் ஏற்றியது நான் கொடுத்த வண்ணப் பென்சில்.

அம்புக்குறிக்கு ஒரு வினைச்சொல்

இந்தப் பதினான்கு வாரத்தில் நான் கண்டுகொண்டவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இது.

உணவுச் சங்கிலி பாடம். எங்கள் பிள்ளைகளில் சிலருக்குத் தோட்டப்புறத்தில் தாத்தா பாட்டி வீடு உண்டு. பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் தெரியும். எலி செம்பனைப் பழத்தைத் தின்னும். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பார்கள். ஆகவே செம்பனைப் பழம், எலி, ஆந்தை என்ற சங்கிலியை எடுத்துக்கொண்டேன். புத்தகத்தை மூடி வரையச் சொன்னால், பாதிப் பேருக்கு மேல் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். ஆந்தையிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து பழத்துக்கு. ஆண்டுதோறும் நடக்கும் தவறு இது. ஆண்டுதோறும் நானும் "தின்னப்படுவதிலிருந்து தின்பதற்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். மறுவாரம் மறுபடி தலைகீழ்.

இந்த முறை ஓர் அம்புக்குறியின் மேல் என்ன எழுதுவாய் என்று ஒருத்தியிடம் கேட்டேன். "தின்கிறது" என்றாள். அவளைப் பொறுத்தவரை படம் சரிதான்! ஆந்தை, தின்கிறது, எலி. அவள் தமிழில் சரியாக யோசித்து, அந்த யோசனையைச் சரியாக வரைந்திருக்கிறாள். உணவுச் சங்கிலியின் அம்புக்குறி கேட்பது வேறு வினைச்சொல். "உணவாகிறது" என்று எழுதிப் பார் என்றேன். பழம் உணவாகிறது எலிக்கு. எலி உணவாகிறது ஆந்தைக்கு. அவளே சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு அம்பையும் திருப்பிப் போட்டாள்.

அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டேன். எந்த அம்புக்குறியும் வெறுமனே நிற்கக் கூடாது; அதன் முதுகில் ஒரு வினைச்சொல் ஏற வேண்டும். தருகிறது, எடுக்கிறது, திரும்புகிறது, ஆவியாகிறது. வினைச்சொல் தெரியாவிட்டால் பாடம் அந்த இடத்தில் புரியவில்லை என்று பொருள். பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது, எனக்கும் தெரிந்துவிடுகிறது.

கிணற்றுக்குள்ளிருந்து பார்த்த வானம்

அறிவியலில் ஓரளவு பிடிபட்டதும், தமிழ்மொழிப் பாடத்தில் மரபுத்தொடர்களுக்கும் உவமைத்தொடர்களுக்கும் இதையே செய்தேன். அங்கே முதல் முயற்சி தோற்றது.

'கிணற்றுத் தவளை'. வரையச் சொன்னதும் 24 பேரும் ஆர்வமாக வரைந்தார்கள். வட்டக் கிணறு, உள்ளே ஒரு தவளை. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். கிணறும் தவளையும் எல்லாருக்கும் நினைவிருந்தன. பொருளைக் கேட்டால், "கிணற்றில் வாழும் தவளை" என்றார்கள். 'இலைமறை காய் போல' என்பதற்கும் இதே கதி. இலைக்குப் பின்னால் மாங்காய் அருமையாக இருந்தது. திறமை வெளியே தெரியாமல் இருப்பவர் என்ற பொருள் காணாமல் போயிருந்தது. வரைந்தது எதுவோ அது நின்றது. நான் வரையச் சொன்னது தவளையை, தவளைதான் நின்றது. வரைதல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தவறான பொருளை அதன் கையில் கொடுத்தவள் நான்.

ஆனால் அந்த 24 தாளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. கோப்புறைகளைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். தாள் முழுவதும் கிரேயானால் கறுப்பாகத் தீட்டியிருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் வெள்ளை. அந்த வட்டத்துக்குள் ஒரு மேகத்தின் பாதி. தவளையே இல்லை. முதலில் பிள்ளை வேலையை முடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டு, "தவளை எங்கே, கண்ணா?" என்று கேட்டேன். "நான்தான் தவளை, டீச்சர். கீழேயிருந்து பார்க்கிறேன். இவ்வளவுதான் வானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பையன் அவன். எழுத்துத் தேர்வில் அவன் தாள் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கும். அந்தத் தாளை நான் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரம் கொஞ்சம் நீண்டுவிட்டது. இந்த மரபுத்தொடரின் பொருளை அந்த வகுப்பில் அவனைவிட ஆழமாகப் புரிந்துகொண்டவர் யாருமில்லை. நாங்கள் அவனிடம் எப்போதும் எழுத்தில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவன் படத்திலிருந்து அடுத்த விதியை எடுத்தேன். மரபுத்தொடர் என்றால் இரண்டு பெட்டி. முதல் பெட்டியில் தவளை. இரண்டாவது பெட்டியில், அந்தத் தவளையைப் போன்ற ஒரு மனிதரை, நம் தெருவிலோ பள்ளியிலோ நடக்கும் ஒரு காட்சியில் வரைய வேண்டும். 'இலைமறை காய்'க்கு ஒரு மாணவி, கோயில் சமையற்கட்டில் அடுப்புக்குப் பின்னால் மெல்லப் பாடிக்கொண்டே கிண்டும் தன் பாட்டியை வரைந்தாள். அதற்குப் பிறகு பொருளைக் கேட்டால் தவளையும் மாங்காயும் வருவதில்லை, பாட்டி வருகிறார்.

எங்கே கைகொடுக்கவில்லை

ஆண்டும் தேதியும். வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியை நண்பர் என்பதால் அவர் வகுப்பிலும் ஒரு நாள் செய்து பார்த்தோம். 31 ஆகஸ்டு 1957, நாடு விடுதலை பெற்ற நாள். மைதானம், கொடி, முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி நிற்பது எல்லாம் படத்தில் வந்தன. 1957 மட்டும் மூலையில் எழுத்தாகத்தான் நின்றது, மறுவாரம் 1975, 1967 என்று உருமாறி வந்தது. ஆனால் துங்கு "மெர்டேக்கா" (விடுதலை) என்று எத்தனை முறை முழங்கினார் என்று கேட்டால் தவறாமல் ஏழு என்றார்கள், ஏனென்றால் ஏழு குமிழி வரைந்திருந்தார்கள். எண்ணிப் பார்க்கக்கூடியது படத்தில் நிற்கிறது. எண்ண முடியாத எண் நிற்பதில்லை. ஆண்டுகளுக்கு மனனமே நல்லது.

மின்சுற்றுக்கு வேறு குறை. மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து மட்டும் கம்பி இழுத்து, விளக்கு எரிவதாகப் பலர் வரைந்தார்கள். சிவப்புப் பென்சிலால் திருத்தியும் மறுவாரம் ஒற்றைக் கம்பி திரும்பி வந்தது. 1.5 வோல்ட் மின்கலம், டார்ச் பல்பு, கம்பி மூன்றையும் கையில் கொடுத்து, "நீ வரைந்தபடியே இணைத்து எரிய வை" என்றேன். எரியவில்லை. இரண்டாவது கம்பியை அவர்களே கேட்டு வாங்கினார்கள். செய்து பார்க்கக்கூடிய பாடத்தில் முதலில் வரைந்து, பிறகு செய்து, மறுபடி வரைய வேண்டும்.

நிலவின் கட்டங்கள் பாடம் அதிகச் சிரமம் தரவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்துபோகும்போது வானில் முழுநிலவு, தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும் என்ற இரண்டும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து, நடுவில் இருப்பதை நிரப்பச் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் ஓர் அம்மாவிடமிருந்து குரல்செய்தி வந்தது. "டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோப்புறையில் வெறும் கிறுக்கலாக இருக்கிறதே, எழுத்தே இல்லையே. பரீட்சையில் படமா போடப் போகிறான்?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆண்டிறுதித் தேர்வில் பிள்ளை எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு படத்துக்குக் கீழே இரண்டு வாக்கியம் எழுதுவதைச் சேர்த்தேன். படத்தில் உள்ள அம்புக்குறிகளை வரிசையாகப் படித்தாலே வாக்கியம் கிடைத்துவிடுகிறது. வினைச்சொல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. எழுதத் தயங்கும் பிள்ளைகளும் இரண்டு வரி எழுதினார்கள். அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் இதை நான் சேர்த்திருக்கமாட்டேன்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு எதையும் மாற்றவில்லை. நிலைத்த முறை இதுதான்: இருபது நிமிடம் பாடம், புத்தகத்தை மூடி நான்கு நிமிடம் வரைதல், பக்கத்துப் பிள்ளையிடம் படத்தைக் காட்டி வாயால் விளக்க மூன்று நிமிடம், புத்தகத்தைத் திறந்து சிவப்புத் திருத்தம், கீழே இரண்டு வாக்கியம். ஒரு வாரம் கழித்து, பழைய படத்தைப் பார்க்காமல், அதே பாடத்தைத் தாளின் பின்பக்கத்தில் மறுபடி வரைய வேண்டும். பிறகு தாளைத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடுவார்கள். இந்த ஒப்பிடும் நிமிடத்தில் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. போன வாரத்துத் தன்னையும் இந்த வாரத்துத் தன்னையும் ஒரு பிள்ளை ஒரே தாளில் பார்க்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நினைவிலிருந்து ஒன்றை மறுபடி வெளியே கொண்டுவருவதே நினைவைப் பலப்படுத்தும் என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வரைவது அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. என் வகுப்பில் கிடைத்த பலனில் வரைதலின் பங்கு எவ்வளவு, மீட்டெடுத்தலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. இரண்டும் ஒரே நான்கு நிமிடத்தில் நடக்கட்டும் என்பதே என் விருப்பம்.

ஃபெரி

இரத்த ஓட்டப் பாடத்தை நான்காம் வாரத்திலேயே மறுபடி நடத்தினேன். சுவரிலிருந்த படங்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்கினேன். இந்த முறை, "உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப்போல் வரையலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எங்கள் கரைக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் ஃபெரியை ஒரு பையன் வரைந்தான். இதயம் பட்டர்வொர்த் படகுத்துறை. நுரையீரல் பினாங்குத் தீவு. இரத்தம் ஃபெரி. கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போகிறது என்று ஓர் அம்புக்குறி. உடம்பு பிறை, படகுத்துறையிலிருந்து பிறைக்கு இன்னோர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

"தீவுக்குப் போன ஃபெரி என்ன ஆயிற்று?" என்றேன்.

"இறக்கிவிட்டது, டீச்சர்."

"பிறகு?"

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான். "அங்கேயே நின்றால் இங்கே ஃபெரி தீர்ந்துவிடுமே."

"அப்படியானால்?"

"திரும்பி வர வேண்டும். சும்மா வராது, ஆள் ஏற்றிக்கொண்டு வரும்." அவனே சிவப்புப் பென்சிலை எடுத்தான். "உயிர்வளிதான் ஆள்."

திரும்பும் அம்புக்குறியைப் போட்டதும் அடுத்த சிக்கல் வந்தது. வந்த ஃபெரியும் போகும் ஃபெரியும் ஒரே துறையில் முட்டிக்கொள்ளும். துறைக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பினான். வலப்பக்கத்திலிருந்து தீவுக்குப் புறப்பாடு, இடப்பக்கத்தில் தீவிலிருந்து வருகை. இதயத்துக்கு ஏன் இரண்டு பக்கம் என்பதை நான் அந்த வகுப்புக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பள்ளி விடுமுறை இடையில் வந்தது. முடிந்து திரும்பியதும், கடைசி வாரத்தில் யாருக்கும் சொல்லாமல் அதே பாடத்தை வரையச் சொன்னேன். 24 பேரில் 19 பேருடைய படத்தில் இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி வந்தது. பின்சுவர் வெறுமையாக இருந்தது. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை, ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தியதன் பலன் இது. அதற்குமேல் இந்த எண்ணின் மீது பாரம் ஏற்ற எனக்கு மனமில்லை.

ஃபெரிப் பையனுடைய தாளில் புதிதாக ஒன்று இருந்தது. துறைக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து அலைகள். அதன் மேல் ஒரு கேள்விக்குறி. "இது என்ன?" என்றேன்.

"டீச்சர், காலிலிருந்து இரத்தம் மேலே ஏறி வர வேண்டும் அல்லவா? அலை அடித்தால் ஃபெரி பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடாதா? இரத்தம் ஏன் கீழேயே விழுந்துவிடுவதில்லை?"

அவனுக்கு இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வியைப் பற்றிச் சொன்னேன். இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்து, இத்தனை இரத்தத்தை உடம்பு புதிது புதிதாக உண்டாக்கவே முடியாது, ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது என்று 1628-இல் எழுதியவர். ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. உடம்பில் இருப்பதே மொத்தம் அவ்வளவுதான். "நீ சொன்ன கணக்குதான். ஃபெரி தீர்ந்துவிடும் என்றாயே, அதுதான்" என்றேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியவில்லை.

ஹார்வி தன் நூலில் கையின் படத்தைப் போட்டு ஒரு சோதனையைக் காட்டியிருந்தார். அதை என் கையிலேயே செய்தேன். புடைத்துத் தெரியும் ஒரு சிரையின் மேல், மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டேன். இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக இரத்தத்தை வழித்துத் தள்ளி, அந்த இரண்டாவது விரலை எடுத்துவிட்டேன். சிரை தட்டையாகவே கிடந்தது. மேலேயிருந்து இரத்தம் கீழே இறங்கி வரவில்லை. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். மணிக்கட்டு விரலையும் எடுத்தேன். கீழிருந்து சட்டென்று நிரம்பியது.

"உள்ளே கதவு இருக்கிறது" என்றான் அவன். "ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு."

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். கேள்விக்குறியின் மேலேயே சிவப்பில் ஒரு கதவு போட்டு, அதன் முதுகில் 'திரும்ப விடாது' என்று எழுதிக்கொண்டிருந்தான். மணி அடித்துவிட்டது. தாளை வாங்காமல் காத்திருந்தேன்.